ஏத்தத்தில் இழுக்காத டர்போ: இன்டேக் மாற்றிய பின் வரும் கோளாறுகள்

"அண்ணே, புது இன்டேக் போட்டேன். சத்தம் செம. ஆனா ஏத்தத்துல இழுக்குதில்ல." இலங்கை மலைநாட்டில் ஹட்டன் பக்கம் டர்போ ஹட்ச்பேக் வைத்திருக்கும் தம்பிமார் என்னைக் கூப்பிட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். இன்டேக் என்றால் ஃபில்டரிலிருந்து டர்போ வரை காற்று போகும் வழி; டர்போ அந்தக் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். சிலர் முதலில் பத்து நிமிடம் சத்தத்தைப் பற்றியே பேசிவிட்டு, போனை வைக்கும் நேரத்தில் மெதுவாக இழுவைக்கு வருவார்கள்.

நான் மெக்கானிக் இல்லை. என்னுடைய 1.5 டர்போவில் மூன்று விதமான இன்டேக் போட்டுக் கழற்றியிருக்கிறேன், அவ்வளவுதான். ஒரு தடவை வட்டவளையில் மழைக்குள் பொனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றும் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த வரை, ஃபில்டரே கெட்டுப்போவது அபூர்வம். ஃபில்டருக்கும் டர்போவுக்கும் இடையில், கை நுழையாத இடத்தில் இருக்கும் ஏதாவது ஒரு ஹோஸ் வாய்தான் ஆளைச் சுற்றவிடும். அதனால் கடைக்குப் போய் இன்னொரு ஃபில்டர் வாங்குவதற்கு முன் இதைப் பாருங்கள்.

வாங்கும்போதே பார்க்க வேண்டியது

முதலில் உங்கள் காரில் மாஃப் சென்சர் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபில்டர் பெட்டியைத் தாண்டியதும் குழாயில் சின்னதாக ஒரு பிளக், நான்கைந்து வயருடன் செருகியிருந்தால் அதுதான் மாஃப். உள்ளே போகும் காற்றை அது அளக்கிறது, அந்த அளவை நம்பித்தான் கம்ப்யூட்டர் பெற்றோல் ஊற்றுகிறது. ஹொண்டா சிவிக் 1.5 டர்போ இந்த வகை. பழைய டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா மாதிரி கார்களில் மாஃப் கிடையாது. எஞ்சினுக்குள் காற்றைப் பிரித்து அனுப்பும் மெனிஃபோல்டில் அழுத்தம் பார்க்கும் மேப் சென்சர் மட்டும்தான். கிளான்சாக்காரர் எந்தக் குழாயைப் போட்டாலும் எஞ்சின் பெரிதாகக் கோபித்துக்கொள்ளாது. அதைப் பார்த்துவிட்டு மாஃப் உள்ள காரில் அதே துணிச்சலைக் காட்டினால்தான் வினை.

மாஃப் உள்ள காரில் விலை, பிராண்ட் எல்லாவற்றையும் விட முக்கியமானது சென்சர் உட்காரும் குழாயின் உள்விட்டம். பழைய குழாய் உள்ளே 70 மி.மீ., புதியது 76 மி.மீ. என்று வையுங்கள். ஆறு மி.மீ.தானே என்று தோன்றும். பரப்பில் அது சுமார் 18 வீதம் கூடுதல். அதே காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போகும். சென்சர் காற்று குறைவு என்று சொல்லும். கம்ப்யூட்டர் பெற்றோலைக் குறைக்கும். கம்ப்யூட்டரின் கணக்கை மாற்றி டியூன் செய்யாமல் ஓடப் போகிறவர் பழைய விட்டத்திலேயே சென்சர் வாய் உள்ள கிட்டைத்தான் வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிடித்த வேணியர் இடுக்கிமானி எனக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறை உதவியது என்றால், அது கொழும்பில் பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ஒரு பழைய இன்டேக் குழாயை அளந்தபோதுதான். வாங்காமல் திரும்பி வந்தேன்.

என்னைக் கேட்டால், டியூன் செய்யாத காருக்குக் கம்பெனிப் பெட்டியை அப்படியே விட்டு உள்ளே நல்ல தட்டையான பனல் ஃபில்டர் ஒன்று போட்டால் போதும். இன்றைய டர்போ கார்களின் பெட்டி அந்த எஞ்சினுக்குத் தேவையான காற்றைத் தாராளமாகக் கொடுக்கிறது. வெளியில் வாங்கும் இன்டேக்கில் காசு கொடுப்பது பெரும்பாலும் சத்தத்துக்குத்தான். சத்தத்துக்குக் காசு கொடுப்பது தப்பில்லை, நானும் கொடுத்தேன். ஆனால் மலைநாட்டில் ஓடுவதென்றால் மூடிய பெட்டி உள்ளதாகவோ, குறைந்தது மூன்று பக்கம் தடுப்புத் தகடு உள்ளதாகவோ பாருங்கள். பம்பருக்குள் கீழே இறங்கும் நீளக் குழாய் வகை நம் மழைக்குச் சரிவராது. காரணம் பிறகு வரும்.

கழற்றுவதற்கு முன் இன்னொரு வேலை. காரின் கம்ப்யூட்டரைப் போனில் படிக்க உதவும் புளூடூத் ஓபிடி ஒன்றைச் செருகி, எஞ்சின் சூடான பிறகு ஐடிலில் (எக்சிலரேட்டரை மிதிக்காமல் ஓடும்போது) மாஃப் கிராம் கணக்கு, லோங் டேர்ம் ஃபியூவல் டிரிம் (கம்ப்யூட்டர் பெற்றோலை எத்தனை வீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற கணக்கு), உள்வரும் காற்றின் வெப்பம் மூன்றையும் போனில் படம் எடுத்து வையுங்கள். அதே மூன்றையும் 2500 ஆர்பிஎம்மிலும் எடுங்கள். இந்த ஆறு எண்கள் இல்லாமல் பிறகு கோளாறு தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கொழுந்து எடுப்பது மாதிரி.

செக் எஞ்சின் லைட் எரிகிறது, கோட் பி 0171

காற்று அதிகம், பெற்றோல் குறைவு என்று இதற்கு அர்த்தம். புது இன்டேக் போட்ட வாரத்தில் வந்தால் சந்தேகம் இரண்டே இடம்: அளக்காத காற்று எங்கோ உள்ளே நுழைகிறது, அல்லது அளக்கும் குழாயே பெரிது.

எது என்பதை ஃபியூவல் டிரிம் சொல்லிவிடும். ஐடிலில் டிரிம் 15, 20 வீதம் என்று ஏறி நின்று, 2500 ஆர்பிஎம்முக்குக் கொண்டு போனதும் ஐந்துக்கு இறங்கினால் ஓட்டை. ஐடிலில் எஞ்சின் குடிக்கும் காற்று கொஞ்சம்; அதில் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். ஆர்பிஎம் ஏறினால் அந்தப் பங்கு சிறுத்துவிடும். எல்லா ஆர்பிஎம்மிலும் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் கூடியிருந்தால் குழாய் விட்டம்தான் காரணம். அதற்கு ஸ்பேனரால் வைத்தியம் இல்லை. டியூன் செய்யுங்கள், இல்லையென்றால் குழாயை மாற்றுங்கள். சும்மா விடாதீர்கள். முழு பூஸ்டில், அதாவது டர்போ காற்றை முழு பலத்தோடு அமுக்கும்போது, பல கார்களில் கம்ப்யூட்டர் டிரிம்மைத் திருத்திக்கொண்டே போவதில்லை. 92 ஒக்டேன் ஊற்றி, பெற்றோலும் குறைவாக, புஸ்ஸல்லாவையிலிருந்து ரம்பொடைக்கு நாலு பேரோடு ஏறினால் எஞ்சினுக்குள் டிக் டிக் என்று தட்டும். அந்தச் சத்தம் பிஸ்டனுக்கு நல்லதில்லை.

ஓட்டை என்றால் தேட வேண்டிய முதல் இடம் பிரீதர் ஹோஸ். எஞ்சின் மூச்சு விடும் மெல்லிய ஹோஸ் ஒன்று, எஞ்சினின் மேல்பக்கத்தை மூடும் வால்வு கவரிலிருந்து வந்து டர்போவுக்கு முந்திய குழாயில் சேரும். வட்டவளையில் என்னை நிறுத்தியது இதுதான். கினிகத்தேனை தாண்டியதும் லைட் எரிந்தது. ஐடிலில் கார் நடுங்கியது. வருடத்துக்கு 5000 மி.மீ.க்கு மேல் மழை பெய்யும் ஊர் வட்டவளை. அன்றைய பங்கையும் அது குறைக்கவில்லை. ஒரு கடை வாசலில் நிறுத்தி, போன் டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே பார்த்தேன். ஹோஸ் இடத்தில்தான் இருந்தது. கிளிப்பும் இருந்தது. விரலை வைத்து அசைத்ததும் கையோடு வந்துவிட்டது.

புதுக் குழாயில் அந்த ஹோஸை மாட்டும் மூக்கைத் துடைக்காமல் உற்றுப் பார்த்தேன். எண்ணெய்ப் பசையில் தூசி பிடித்துக் கறுத்திருந்த மூக்கில், நுனியில் மட்டும் ஒரு சுத்தமான வளையம், ஐந்து மி.மீ. அகலம். அந்த ஐந்து மி.மீ.தான் ஹோஸ் பிடித்திருந்த இடம். மூக்கு இருபது மி.மீ. நீளம். கிட்டோடு வந்த ஹோஸ் கட்டை. காரை நிறுத்தி வைத்துப் போட்டபோது எட்டியது. எஞ்சின் ஏற்றத்தில் முறுக்கி அசையும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வந்திருக்கிறது. போட்டுக் கொடுத்த கராஜில் கேட்டால், "ரோட் சரியில்ல தம்பி" என்றார்கள். ரோட் எப்போதுமே சரியில்லைதான்.

அடுத்த நாள் நாலு அங்குலம் கூட நீளமாக ஹோஸ் வாங்கிப் போட்டேன். எண்ணெய் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்குங்கள். ஹீட்டருக்குப் போடும் தண்ணீர் ஹோஸ் எண்ணெய் ஆவியில் ஊறி, சில மாதத்தில் தொளதொளத்துவிடும்.

பிரீதர் சரி, ஆனாலும் ஓட்டை என்றால் சிலிக்கன் இணைப்புகளுக்கு வாருங்கள். குழாய் விளிம்பில் ஒரு மெல்லிய புடைப்பு வளையம் இருக்க வேண்டும். கிளிப் அந்தப் புடைப்புக்கு உள்பக்கம் இறுக வேண்டும். மலிவான கிட்களில் குழாய் வழவழவென்று வெட்டப்பட்டிருக்கும். கிளிப்பை எவ்வளவு இறுக்கினாலும் வழுக்கிவிடும். கூடுதலாக இறுக்கினால் கிளிப்பின் பல் சிலிக்கனைக் கிழிக்கும்.

டர்போவுக்கு முந்திய பக்கம் எப்போதும் உறிஞ்சும் பக்கம். அதனால் எஞ்சின் ஓடும்போது சவர்க்காரத் தண்ணீர் பூசினால் நுரை வராது, தண்ணீரைத்தான் குடிக்கும். எஞ்சினை அணைத்து வைத்துவிட்டு உள்ளே காற்றடித்துப் பார்க்க வேண்டும். ஹார்ட்வெயாரில் குழாய் அளவுக்கு ஒரு பிவிசி மூடி வாங்கி, நடுவில் ஓட்டை போட்டு டியூப் இல்லாத டயரின் வால்வு ஒன்றை இழுத்துச் செருகுங்கள். மாஃபுக்குப் பிறகு குழாயை மூடி, சைக்கிள் பம்பால் ஐந்து பிஎஸ்ஐ வரை ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம், பிரீதர் வழியாக எஞ்சினின் அடிப்பாகத்துக்கும் அழுத்தம் போகும். இப்போது சவர்க்காரத் தண்ணீர் தெளித்தால் குற்றவாளி குமிழி விடுவான்.

கியர் மாற்றும்போது குலுங்குகிறது, சில நேரம் அணைகிறது

எக்சிலரேட்டரை விட்டதும் டர்போவில் தேங்கும் காற்றைத் திருப்பி அனுப்பும் வால்வு ஒன்று உண்டு. பல கார்களில் அதன் திரும்பும் வழி இன்டேக் குழாயில்தான் சேரும். "ப்ஷ்ஷ்" சத்தம் பெரிதாகக் கேட்க வேண்டும் என்று சிலர் அந்த வாயைத் திறந்து விடுவார்கள். மாஃப் அளந்த காற்று வெளியே போய்விடும்; அந்தக் காற்றுக்கான பெற்றோல் மட்டும் உள்ளே போகும். விளைவு: கிளச்சை மிதித்ததும் ஒரு குலுக்கல், பெற்றோல் வாடை, நிறுத்தம் வரும்போது எஞ்சின் அணைதல். திரும்பும் ஹோஸை மூக்கில் மாட்டிக் கிளிப் போட்டால் சரி. புதுக் குழாயில் அதற்கு மூக்கே இல்லையென்றால் அந்தக் குழாய் உங்கள் காருக்குச் செய்யப்பட்டதல்ல.

ஐடில் சரி, ஆனால் மாஃப் கோட் பி 0101 அல்லது பி 0102

எண்ணெய் பூசும் பருத்தி ஃபில்டரைக் கழுவி, தாராளமாக எண்ணெய் ஊற்றிப் போட்டீர்களா? கே அண்ட் என் வகைப் பருத்தி ஃபில்டர்கள் நல்லவைதான். அளவாகப் பூச வேண்டும். மிஞ்சிய எண்ணெய் சென்சரின் மெல்லிய கம்பியில் படிந்து தூசியைச் சேர்த்துக்கொள்ளும். மாஃப் கிளீனர் என்றே விற்கும் ஸ்பிரேயால் கழுவி, தானாகக் காயவிடுங்கள். பிரேக் கிளீனர், காப்பரேட்டர் கிளீனர் வேண்டாம். துணியும் பஞ்சும் கிட்டவே போகக்கூடாது. தோட்டத்து ரோட்டுத் தூசியில் ஓடுகிறவர் எண்ணெய் இல்லாத உலர் ஃபில்டர் எடுத்தால் இந்தத் தலைவலி குறைவு.

இன்னொன்று: சென்சரில் காற்றோட்டத் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் அது டர்போவைப் பார்த்திருக்க வேண்டும். தலைகீழாகப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வளைவு முடிந்த கையோடு சென்சர் உட்கார்ந்தாலும் காற்று சுழன்று கணக்கு ஆடும்.

பூஸ்ட் வரும்போது சீறுகிறது, கறுப்புப் புகை, பி 0299

இது டர்போவைத் தாண்டிய பக்கத்து ஓட்டை. அளந்த காற்று உள்ளே போகாமல் வெளியே பீறிடுகிறது, பெற்றோல் மட்டும் நிறையப் போகிறது. இன்டேக் போடும்போது இடம் எடுப்பதற்காக, டர்போ அமுக்கிய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைக் கழற்றியிருப்பார்கள். திரும்ப மாட்டும்போது உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் மடிந்திருக்கும். இணைப்பைச் சுற்றி எண்ணெய் கலந்த கறுப்புத் தெறிப்பு இருந்தால் அதுதான் இடம். குழாய்க்குள் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருப்பது வழக்கம், பயப்பட வேண்டாம். குளமாகத் தேங்கியிருந்தால்தான் டர்போவைக் காட்ட வேண்டும். இந்த நிலையில் புகைப் பரிசோதனைக்குப் போகாதீர்கள், சான்றிதழ் கிடைக்காது, காசுதான் போகும்.

கொழுந்து லொறிக்குப் பின்னால் ஏறினால் மந்தம், ரோட் திறந்ததும் சரியாகிறது

தடுப்பில்லாத கூம்பு ஃபில்டர் எஞ்சின் சூட்டைக் குடிக்கிறது. கொட்டகலையில் வெளியே 18 பாகை குளிர், கையைத் தேய்த்துக்கொண்டு ஓட்டுகிறோம். முன்னால் கொழுந்து லொறி முதல் கியரில் உருள்கிறது. ஓபிடியில் உள்வரும் காற்று 50ஐத் தாண்டி நிற்கிறது. ஆயிரக்கணக்கில் செலவழித்து இலவசக் குளிர்காற்றை வேண்டாம் என்று சொன்ன கதை. ஓடும்போது உள்வரும் காற்று வெளிவெப்பத்தை விட பத்துப் பாகைக்குள் இருந்தால் திருப்தி. அதற்கு மேல் போனால் தகடு வெட்டி ஃபில்டரைச் சுற்றி மறைத்து, பொனட்டில் முட்டும் விளிம்புக்கு ரப்பர் பட்டை ஒட்டி, முன்பக்கக் கிரில்லிலிருந்து ஒரு வழி கொடுங்கள். கம்பெனிப் பெட்டி இதைத்தான் செய்துகொண்டிருந்தது என்பது அப்போது புரியும்.

நுவரெலியாவில் மட்டும் கிளம்பும்போது மந்தம்

இன்டேக்கைத் திட்டாதீர்கள். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 1013 ஹெக்டோபாஸ்கல்; 1868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் 810 அளவுதான். ஐந்தில் ஒரு பங்கு காற்று இல்லை. டர்போ ஈடு செய்யும், ஆனால் அது சுழன்று எழுந்த பிறகுதான். கிளம்பும் முதல் நொடியில் உங்கள் காரும் டர்போ இல்லாத காரும் ஒன்றே.

எழுந்த பிறகும் அதற்குக் கஷ்டம்தான். கொழும்பில் 1 பார் பூஸ்ட் என்றால் காற்றை இரண்டு மடங்கு அமுக்கினால் போதும். அதே மொத்த அழுத்தத்தை நுவரெலியாவில் கொடுக்க இரண்டரை மடங்கு அமுக்க வேண்டும். டர்போவின் சக்கரம் வேகமாகச் சுழல வேண்டும், காற்றும் கூடுதலாகச் சூடாகும். அதனால் அடைத்த ஃபில்டர் கொழும்பில் தெரியாவிட்டாலும் நானுஓயா ஏற்றத்தில் தெரிந்துவிடும். முதலில் ஃபில்டரைத் தட்டிப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கூடவே வரும் இன்னொரு கேள்வி: "எஞ்சின் அணைத்திருக்கும்போதே ஆப்பில் பூஸ்ட் மைனஸ் மூன்று பிஎஸ்ஐ காட்டுது." அந்த ஆப் நீங்கள் கடற்கரையில் இருப்பதாக நினைத்து, அங்குள்ள காற்றழுத்தத்தைக் கழிக்கிறது. சென்சர் நன்றாகவே இருக்கிறது.

மழையிலும் பனிமூட்டத்திலும் இடறுகிறது

நீர்த்துளி மாஃப் கம்பியில் பட்டால் கம்பி குளிரும், நிறையக் காற்று வருகிறது என்று சென்சர் பொய் சொல்லும், எஞ்சின் ஒரு நொடி மூச்சுத் திணறும். ஃபில்டரைக் கழற்றிக் கையால் தொடுங்கள். ஈரம் முன்பக்கம் மட்டுமா, முழுக்கவா? முன்பக்கம் மட்டும் என்றால் கிரில்லிலிருந்து நேராக அடிக்கிறது; வழியில் ஒரு தடுப்பு வைத்தால் போதும். பஞ்சு மாதிரியான காளான் வடிவ ஃபில்டர்கள் நனைந்தால் காய நேரமெடுக்கும்.

பம்பருக்குள் இறங்கும் ஃபில்டர் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. பனிக்கு அது பரவாயில்லை. தேங்கி நிற்கும் வெள்ளத்துக்குத்தான் ஆகாது. ஃபில்டர் தண்ணீரில் மூழ்கினால் எஞ்சின் தண்ணீரை உறிஞ்சும். தண்ணீரை அமுக்க முடியாது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ரொட் வளையும். அப்படி ஓடும்போதே கார் அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் அடிக்கவே வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் சாவியைத் தொட வேண்டும்.

எது பார்த்தும் பிடிபடவில்லை

பழைய பெட்டியை அப்படியே திரும்பப் போடுங்கள். அரை மணி நேர வேலை. பெற்றரி வயரைக் கழற்றி மாட்டி, கம்ப்யூட்டர் கற்ற கணக்கை அழித்துவிட்டு இரண்டு நாள் ஓட்டுங்கள். கோளாறு அப்படியே இருந்தால் இன்டேக் நிரபராதி. ஸ்பார்க் பிளக், இக்னிஷன் கொயில், பெற்றோல் பக்கம் போங்கள். இதற்காகத்தான் பழைய பெட்டியை விற்காதீர்கள் என்று தலைபாடாகச் சொல்கிறேன். என்னுடையது கிளிப்புகளோடு ஒரு கோதுமை மா பையில் சுற்றி அலுமாரி மேல் கிடக்கிறது.

தோட்டத்து ரோட்டில் டக் டக் என்று தட்டுகிறது

குழாய் எதிலோ முட்டுகிறது, பெரும்பாலும் பெற்றரித் தட்டில் அல்லது பொனட்டின் அடியில். முட்டும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து பளபளக்கும். சைக்கிள் டியூப்பில் ஒரு துண்டு வெட்டி இடையில் கட்டுங்கள்.